விதைப் பைக்குள் ஒரு மழைக் காப்பீடு: கென்யாவில் நான்கு பருவங்கள்

மச்சாகோஸ் நகரத்து வேளாண் இடுபொருள் கடை ஒன்றில் இரண்டு கிலோ மக்காச்சோள விதைப் பையை வாங்கிப் பிரித்தால், விதையோடு விதையாக ஒரு சிறு அட்டையும் கைக்கு வரும். விதைக்குப் பூசிய மருந்தின் இளஞ்சிவப்புப் பொடி அதில் அப்பியிருக்கும். துடைத்துவிட்டு, வெள்ளிப் பூச்சை நாணயத்தால் சுரண்டினால் ஓர் எண் தெரியும். விதைத்த அன்றே, விதைத்த நிலத்திலேயே நின்றுகொண்டு, அந்த எண்ணைக் கைபேசியில் அழுத்தி அனுப்பிவிட வேண்டும். அனுப்பிய இடம் எது என்பதைச் செல்கோபுரத்தைக் கொண்டு குறித்துக்கொள்கிறார்கள். அன்றிலிருந்து 21 நாட்களுக்குள் அந்த இடத்தில் விதை முளைப்பதற்குப் போதிய மழை இல்லை என்று செயற்கைக்கோள் கணக்குக் காட்டினால், மறுபடி விதை வாங்குவதற்கான பணம் கைபேசிக்கே வந்து சேரும். விண்ணப்பம் இல்லை, நிலத்தைப் பார்வையிட வரும் அதிகாரி இல்லை, அடங்கல் நகல் கேட்பாரும் இல்லை.

இந்தக் காப்பீட்டை நான்கு பருவங்கள் பயன்படுத்திப் பார்த்துவிட்டே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். சூரிய மின்சக்தியில் ஓடும் பம்புகளைப் பொருத்தும் வேலைக்காக மச்சாகோஸில் இரண்டு ஆண்டுகள் குடியிருந்தேன். வீட்டுக்காரரான அம்மாவுக்கு வீட்டின் பின்புறச் சரிவில் ஒரு ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலான நிலம் இருந்தது. விதைச் செலவும் காப்பீட்டுச் செலவும் என்னுடையவை, நிலமும் உழைப்பும் அவருடையவை, விளைவதில் ஆளுக்குப் பாதி என்று பேசிக்கொண்டோம். (கென்யாவில் வயதில் மூத்த பெண்களை 'மாமா' என்று அழைப்பதுதான் மரியாதை. அதற்குத் தமிழ் நாக்கு பழக ஒரு மாதமாவது ஆகிறது.) மக்காச்சோளத்துக்கு ஊடாகத் துவரையும் தட்டைப்பயறும் போட்டோம், அந்தப் பகுதித் துவரை கப்பலேறி இந்தியாவுக்கு வருவது உண்டு என்பதால், நம் வீட்டுச் சாம்பாருக்கும் அந்தச் செம்மண்ணுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

நான் வாங்கிய காப்பீட்டை விற்ற நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே வகைக் காப்பீட்டைப் பல நிறுவனங்கள் பல பெயர்களில் விற்கின்றன. நான் சொல்லப்போகும் குறையும் ஒரு நிறுவனத்தின் மேசையில் மட்டும் பிறந்ததன்று.

முதலில், இப்படி ஒரு பொருள் ஏன் தேவைப்படுகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். மச்சாகோஸ் பகுதிக்கு ஆண்டில் இரண்டு மழை. மார்ச்சிலிருந்து மே வரை பெய்வது 'நீண்ட மழை' என்றும், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்வது 'குறுகிய மழை' என்றும் அழைக்கப்படுகின்றன; ஆனால் அங்குள்ள காம்பா இன உழவர்கள் நம்புவது இரண்டாவதைத்தான். அந்த மண்ணில் பயிர் செய்வதே முதல் மழையோடு ஓடும் ஓட்டப்பந்தயம். மழை தொடங்கி ஒரு வாரம் தாமதித்து விதைத்தாலும் கதிர் பிடிக்கும் நேரத்தில் ஈரம் போய்விடும் என்பதால், பலரும் மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதையை இட்டுவிடுவார்கள். நம் ஊர் மானாவாரி உழவருக்குப் புழுதி விதைப்பை விளக்க வேண்டியதில்லை. மச்சாகோஸுக்கு அருகே உள்ள கட்டுமானி ஆராய்ச்சி நிலையம் 1960களிலேயே இந்த அவசரத்துக்காகவே சீக்கிரம் முதிரும் மக்காச்சோள ரகம் ஒன்றை உருவாக்கிக் கொடுத்தது. இன்றும் அந்த நிலையத்தின் பெயராலேயே அதைக் கேட்டு வாங்குகிறார்கள்.

ஆனால் ரகத்தை மட்டும் நம்பித் தப்பிக்கக்கூடிய காலம் போய்விட்டது. 2020 இறுதியிலிருந்து 2022 இறுதி வரை, கென்யாவும் அடங்கிய கிழக்கு ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதியில் தொடர்ந்து ஐந்து மழைப் பருவங்கள் பொய்த்தன. மனிதர்களால் புவி வெப்பமடைந்திராவிட்டால் அப்படியொரு வறட்சி நேரும் வாய்ப்பு நூறில் ஒரு பங்காகத்தான் இருந்திருக்கும் என்று 2023இல் உலக வானிலைக் காரணி ஆய்வுக் குழு மதிப்பிட்டது. ஐந்து பருவமும் கடன் வாங்கி விதை வாங்கிய ஒரு குடும்பம் ஆறாவது பருவத்துக்கு எதைக் கொண்டு விதை வாங்கும் என்ற கேள்விக்கு விடையாகத்தான் இந்த அட்டை விற்கப்படுகிறது.

இதன் முன்னோடி 2009இல் கென்யாவின் லைக்கிப்பியா பகுதியில் சுமார் 200 உழவர்களுடன் தொடங்கிய 'கிலிமோ சலாமா' என்ற திட்டம். சுவாஹிலியில் அதற்குப் 'பாதுகாப்பான வேளாண்மை' என்று பொருள். சிஞ்செண்டா அறக்கட்டளை, யு.ஏ.பி. காப்பீட்டு நிறுவனம், சஃபாரிகாம் தொலைபேசி நிறுவனம் மூன்றும் சேர்ந்து நடத்திய அத்திட்டத்தில், இடுபொருள் விலையில் 5 சதவீதத்தை உழவர் பிரீமியமாகக் கட்ட, இன்னொரு 5 சதவீதத்தை இடுபொருள் நிறுவனம் கட்டியது. கடைக்காரர் பையின் பட்டைக் குறியீட்டைக் கைபேசிக் கேமராவால் படம் பிடித்தாலே பாலிசி பதிவாகிவிடும். மழையை அளந்தவை, சூரிய மின்சக்தியில் இயங்கிய தானியங்கி வானிலை நிலையங்கள். 2007இல் தொடங்கிய எம்-பெசா கைபேசிப் பணச் சேவை அதற்குள் ஊரெங்கும் பரவியிருந்ததால், இழப்பீட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவும் மிச்சமாயிற்று. அத்திட்டம் 2014இல் ஏக்கர் ஆப்பிரிக்கா என்ற தனி நிறுவனமாக மாறியது. வானிலை நிலையங்களைப் பராமரிப்பது செலவு என்பதாலும் அவை எல்லா ஊருக்கும் போதவில்லை என்பதாலும், பிறகு வந்த திட்டங்கள் பலவும் செயற்கைக்கோள் மழைக் கணக்குக்கு மாறிக்கொண்டன.

இந்தியைப் போலவே சுவாஹிலியிலும் காப்பீட்டுக்குப் 'பீமா' என்றுதான் பெயர். இந்தியப் பெருங்கடலைக் கடந்து போன சொல் அது. கடைக்கு 'டுக்கா' என்ற சொல் போனதைப் போல. எங்கள் வீட்டுக்கார அம்மா முதல் முறை அட்டையைக் கையில் வாங்கியபோது, "பீமா என்பது மாடட்டுவுக்கு வாங்குவது, மழைக்கு எப்படி வாங்குவது?" என்று கேட்டார். 'மாடட்டு' என்பது அங்கே ஓடும் பயணியர் வேன். விபத்து நடந்தது என்பதற்கு நசுங்கிய தகரம் சாட்சி. மழை வராததற்கு எது சாட்சி என்பது அவருடைய கேள்வி. நான்கு பருவம் கழித்தும் இந்தப் பொருளைப் பற்றி அதைவிடச் சரியான கேள்வியை யாரும் கேட்டு நான் அறியவில்லை.

முதல் பருவத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அக்டோபர் கடைசியில் விதைத்தோம், எண்ணை அனுப்பினோம், மழை வந்தது, பயிர் வந்தது, பணம் வரவில்லை, வரவேண்டியதும் இல்லை.

இரண்டாம் பருவத்தில் இந்தப் பொருளின் சிறப்பைக் கண்ணால் கண்டேன். மார்ச் நடுவில் புழுதியில் விதைத்துவிட்டு எண்ணை அனுப்பினோம். வானம் கறுத்துக் கறுத்துக் கலைந்தது. மூன்று வாரம் முடிந்து நான்காம் நாள், நான் ஒரு பம்பைக் கழற்றிப் போட்டுக்கொண்டு கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்த நேரத்தில் அந்த அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது: விதைப் பணம் முழுவதும் வந்துவிட்டதாம், யாரையும் கேட்காமலே வந்ததாம், இது ஏமாற்று வேலையாக இருக்குமோ என்று எடுக்காமல் வைத்திருக்கிறாராம். மாலையில் இருவரும் கடைக்குப் போய் அதே ரக விதையை மறுபடி வாங்கினோம். ஏப்ரல் நடுவில் பெய்த மழையில் விதைத்த அந்தப் பயிர் பாதிக்குப் பாதிதான் தேறியது என்றாலும், பக்கத்து வயல்களில் அந்தப் பாதியும் இல்லை. நான்கு நாளில் இழப்பீடு என்பதை நம் ஊரில் பயிர்க் காப்பீட்டுக்காக ஓராண்டு காத்திருந்த எவரிடமும் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். நம்முடைய முறையில் அறுவடைப் பரிசோதனை செய்து, ஊர் சராசரி கண்டு, அது மேலே போய்த் திரும்பி வர வேண்டும். அதில் நம்பகம் கூடுதல், வேகம் குறைவு. விதைக்கும் பருவம் தவறுவதற்குள் பணம் கையில் இருக்க வேண்டும் என்ற ஒன்றை மட்டும் கணக்கில் எடுத்தால், கென்ய அட்டை நம்முடையதைவிட எவ்வளவோ மேல்.

மூன்றாம் பருவம் வேறு கதை. அக்டோபர் கடைசியில் இரண்டே நாளில் கொட்டித் தீர்த்தது. விதை முளைத்து, இரண்டு இலை விட்டு, பச்சைப் பசேலென்று நின்றது. அதன்பின் மூன்று வாரம் ஒரு துளி இல்லை. முளைத்த பயிர் முதலில் குழல் போலச் சுருண்டது, பிறகு ஓரம் வெளுத்தது, பிறகு கையால் தொட்டால் நொறுங்கியது. மழைக் கணக்கைப் பொறுத்தவரை 21 நாட்களுக்குள் பெய்ய வேண்டிய மொத்த மில்லிமீட்டர் பெய்துவிட்டது, ஆகவே விதை முளைத்திருக்க வேண்டும், முளைத்தும் இருந்தது. அது பிழைத்ததா என்று அந்த அட்டை கேட்கவே இல்லை. முளைப்புக்குப் பிந்தைய காலத்துக்குத் தனியாகப் பிரீமியம் கட்டும் வசதி உண்டு என்பதும், அதை நான் வாங்கியிருக்கவில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. பைக்குள் இருந்த அட்டையில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இதைக்கூட என் அறியாமை என்று விட்டுவிடலாம். ஆனால் மலையின் மறுபக்கம், நேர்க்கோட்டில் ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவில் உள்ளவர்களுக்கு அதே பருவத்தில் பணம் வந்ததைக் கேள்விப்பட்டபோது விளங்காமல் போயிற்று. அவர்களுக்கு மழை எங்களைவிட அதிகம் என்று அந்த ஊர்க்காரர்களே சொன்னார்கள். இந்த வகைக் கணக்குகளுக்குப் பயன்படும் மழைத் தரவுகளில் புகழ்பெற்ற ஒன்று, பூமியை ஏறத்தாழ 5 கிலோமீட்டர்க் கட்டங்களாகப் பிரித்து, 1981 முதல் ஒவ்வொரு கட்டத்துக்கும் மழை மதிப்பைத் தருகிறது. செயற்கைக்கோள் மழையைப் பார்ப்பதில்லை; மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்து, அதிலிருந்து மழையை ஊகிக்கிறது. மலைச்சரிவில் தாழ்வான, அவ்வளவாகக் குளிராத மேகங்கள் பொழியும் மழை அதன் கண்ணுக்குத் தப்பிவிடலாம். பெரிய, குளிர்ந்த மேகம் ஒன்று தலைக்கு மேல் நின்றுவிட்டுப் பொழியாமல் நகர்ந்தால் மழை பெய்ததாகவும் எழுதப்படலாம். இவெட்டி மலையைப் போன்ற மலைகள் மழையை இரண்டாகக் கிழிக்கும் நாட்டில் ஒரு கட்டத்துக்கு ஒரு மதிப்பு என்பது, ஒரு தெருவுக்கு ஒரே அளவுச் சட்டை தைத்துக் கொடுப்பதைப் போன்றது.

இந்தப் பொருத்தமின்மை எல்லாக் குறியீட்டுக் காப்பீட்டிலும், அதாவது நேரில் இழப்பைப் பார்க்காமல் மழை போன்ற ஓர் அளவை வைத்தே பணம் தரும் காப்பீட்டிலும், இருக்கிறது, அதை எவரும் மறைப்பதும் இல்லை. நான் இந்தச் சேவைக்கு மதிப்பெண் குறைப்பது அதற்காக அன்று; அது நேர்ந்தபின் யாரைக் கேட்பது என்பதற்கு விடையில்லாததற்காக.

கேட்டுப் பார்த்தோம். அட்டையைத் தந்த கடைக்காரர், தாம் விதை மட்டுமே விற்பதாகவும் அட்டை பைக்குள்ளேயே வருவதாகவும் சொன்னார். விதை நிறுவனத்தின் இலவச எண்ணில் பேசிய பெண், அது காப்பீட்டாளரின் பொறுப்பு என்றார். காப்பீட்டாளரின் முகவர் அன்பானவர், இரண்டு முறை நிலத்துக்கே வந்தார், சுருண்ட பயிரைக் கையில் எடுத்துப் பார்த்து "போலே சானா" என்று மனமார வருந்தினார். ஆனால் கணக்கைத் தாம் போடுவதில்லை, வேறொரு நாட்டில் உள்ள தரவு நிறுவனம் போடுகிறது, இழப்பின் பெரும்பங்கை ஏற்பதும், காப்பீட்டாளருக்கே காப்பீடு தரும் வெளிநாட்டு மறுகாப்பீட்டு நிறுவனம், அவர்கள் ஒப்புக்கொண்ட குறியீட்டை இங்கே ஒருவரும் மாற்ற முடியாது என்றார். தொலைபேசி நிறுவனத்தைக் கேட்டால், நாங்கள் அனுப்பிய எண் எந்தக் கோபுரத்தின் வழியாகப் பதிவானது என்பதைச் சொல்ல இயலாது என்றார்கள். எங்கள் கைபேசி மலைக்கு அப்பால் உள்ள கோபுரத்தைப் பிடித்திருந்தால், நாங்கள் பக்கத்து ஊர் மழைக்குக் காப்பீடு செய்திருப்போம்! இரண்டு மாதத்தில் ஆறு இடங்களைக் கேட்டு, ஆறு பேரும் தத்தம் அளவில் உண்மையே பேசினார்கள் என்ற முடிவுக்கு வந்தேன்.

கூட்டுறவு என்றால் என்ன என்று அந்த ஊர்க்காரர்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை என்பதால்தான் இது உறுத்துகிறது. எங்கள் நிலத்துக்குக் குறுக்கே ஓடிய மேட்டு வரப்புகளை வெட்டியவர்கள் 'மவெத்யா' என்ற அண்டை அயலார் உழைப்புக் குழுக்கள், பெரும்பாலும் பெண்கள். சரிவில் சமமட்டமாகப் பள்ளம் தோண்டி, மண்ணை மேல்பக்கம் வாரிப் போட்டு வரப்பாக்குவதற்கு 'ஃபான்யா ஜூ', அதாவது 'மேலே போடு', என்று பெயர். மழைநீர் ஓடாமல் அங்கேயே நின்று இறங்கும். ஒருவர் வராவிட்டால் யார் வரவில்லை, ஏன் வரவில்லை, அதற்கு ஈடாக என்ன செய்ய வேண்டும் என்பது குழுவில் உள்ள எல்லாருக்கும் தெரியும். கைபேசிக் காப்பீட்டின் கூட்டணியில் பங்காளிகள் அதைவிடப் படித்தவர்கள், பணம் உள்ளவர்கள். ஆனால் ஒருவர் வராத இடத்தில் மற்றவர் நிற்பது என்ற வழக்கம் மட்டும் ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை.

இதே கோளாறு ஒரு நாட்டையே பிடித்த நிகழ்வும் உண்டு. ஆப்பிரிக்க ஒன்றியம் 2012இல் நிறுவிய 'ஆஃப்ரிக்கன் ரிஸ்க் கெப்பாசிட்டி' என்ற அமைப்பு, உழவர்களுக்குப் பதிலாக அரசுகளுக்கே வறட்சிக் காப்பீடு விற்கிறது. 2015-16 பருவத்துக்காக மலாவி அரசு ஏறத்தாழ 47 லட்சம் டாலர் பிரீமியம் கட்டியது. மழை பொய்த்து, 2016 ஏப்ரலில் நாடு பேரிடர் அறிவித்தது. உணவு உதவி தேவைப்பட்டவர்கள் சுமார் 65 லட்சம் பேர். காப்பீட்டுக்காகப் பாதிப்பைக் கணக்கிடும் கணினி மாதிரியோ பாதிக்கப்பட்டவர்கள் 21,000 பேர்தான் என்றது. அந்த எண்ணுக்கு இழப்பீடு கிடையாது. தேடிப் பார்த்ததில், மாதிரிக்குள் நீண்ட நாள் மக்காச்சோள ரகம் பயிரிடப்படுவதாகப் பதிந்திருந்தது. மலாவி உழவர்களில் பெரும்பாலோரோ அதற்குள் குறுகிய நாள் ரகங்களுக்கு மாறியிருந்தார்கள். கட்டுமானி ரகத்தைத் தேடிப் போன காம்பா உழவர் செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள், அதாவது மாறும் மழைக்குத் தங்களை மாற்றிக்கொண்டார்கள்; அந்தச் செய்தி கணக்குப் போடுகிறவரின் மேசைக்குப் போய்ச் சேரவில்லை. உள்ளூர் வேளாண் அலுவலருக்குத் தெரிந்திருக்கக்கூடிய ஒரு செய்தி அது. மாதிரியைத் திருத்தி, 81 லட்சம் டாலர் வழங்குவதாக 2016 நவம்பரில் அறிவித்தார்கள். அங்கே அறுவடை ஏப்ரல், மே மாதங்களில் முடிந்துவிடும் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தத் தாமதத்தின் அளவு புரியும். ஓர் அரசுக்கு மறுபரிசீலனை கேட்கும் வலு இருந்தது; ஒரு ஏக்கர் வைத்திருக்கும் அம்மாவுக்கு அது எங்கிருந்து வரும்?

எல்லாரும் இப்படித்தான் என்று சொன்னால் அது நேர்மையாகாது. எத்தியோப்பியாவின் திக்ராய் பகுதியில் அதி ஹா என்ற ஊரில் 2009இல் 200 குடும்பங்களுடன் ஆக்ஸ்ஃபாம் அமெரிக்காவும் உள்ளூர் அமைப்புகளும் நியாலா காப்பீட்டு நிறுவனமும் சேர்ந்து, அந்நாட்டுச் சிறுதானியமான டெஃப் பயிருக்குக் காப்பீடு தொடங்கியபோது, குறியீட்டை வடிவமைக்கும் வேலையிலேயே உழவர்களை உட்கார வைத்தார்கள். எந்தெந்த ஆண்டுகள் கெட்ட ஆண்டுகள் என்று உழவர்கள் நினைவிலிருந்து சொல்ல, அதைச் செயற்கைக்கோள் பதிவோடு ஒப்பிட்டு, ஒத்துவராத இடத்தில் மறுபடி பேசினார்கள். பிரீமியம் கட்டக் காசில்லாத குடும்பங்கள் நீர்ப் பாதுகாப்பு, மண் பாதுகாப்புப் பணிகளில் உழைத்து அதற்கு ஈடாகக் காப்பீடு பெற வழி செய்தார்கள். பின்னர் அது உலக உணவுத் திட்டத்தின் துணையோடு வேறு நாடுகளுக்கும் சென்றது. காப்பீடும் வரப்பு வெட்டும் வேலையும் ஒரே கணக்கில் வந்த அந்த ஏற்பாட்டை மச்சாகோஸில் கண்டிருந்தால், இந்த மதிப்புரையின் தொனியே வேறாக இருந்திருக்கும்.

வட கென்யாவின் கால்நடைக் காப்பீட்டுக்கும் என் மதிப்பில் மேலான இடம் உண்டு. நைரோபியில் தலைமையகம் கொண்ட சர்வதேசக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் 2010இல் மார்சபிட்டில் தொடங்கிய அது, மழையை விட்டுவிட்டு மேய்ச்சல் நிலத்தின் பசுமையைச் செயற்கைக்கோளால் அளக்கிறது. ஒட்டகம் ஒன்று 1.4 அலகு, மாடு ஒன்று ஓர் அலகு, ஆடு பத்து சேர்ந்தால் ஓர் அலகு என்று கணக்கு. முதல் இழப்பீடு 2011 அக்டோபரில் வந்தது. அதைப் பெற்ற குடும்பங்களை ஆராய்ந்தவர்கள், கால்நடை அதிகம் உள்ளவர்கள் அடிமாட்டு விலைக்கு விற்பது குறைந்ததையும், கால்நடை குறைந்தவர்கள் சாப்பாட்டு வேளையைக் குறைப்பது குறைந்ததையும் கண்டார்கள். தொடக்கத்தில் கால்நடை இறந்த பின் ஈடு கட்டும் கணக்காக இருந்ததை, இறப்பதற்கு முன்பே தீவனமும் தண்ணீரும் வாங்கப் பணம் தரும் கணக்காகப் பின்னர் மாற்றினார்கள். செத்த மாட்டுக்குப் பணம் எதற்கு, சாகாமல் காப்பாற்றப் பணம் கொடுங்கள் என்பதுதானே மேய்ப்பவர் எவரும் சொல்லக்கூடியது. முஸ்லிம் மேய்ப்பர்கள் மிகுந்த வஜீரில் இஸ்லாமிய முறைப்படியான காப்பீடாக 2013இல் அதைத் தகாஃபுல் நிறுவனம் கொண்டுபோனதும் அந்த மண்ணைப் படித்ததன் அடையாளம்.

அங்கும் பணம் வரும் வழிதான் பலவீனம். 2015இல் கென்ய அரசு துர்க்கானாவிலும் வஜீரிலும் தொடங்கி, குடும்பத்துக்கு 5 அலகு வரை பிரீமியம் முழுவதையும் தானே கட்டியது; எட்டு மாவட்டங்களில் 18,000 குடும்பங்கள் வரை அது எட்டியது. இலவசமாகக் கிடைத்ததைப் பிறகு காசு கொடுத்து வாங்கச் சொன்னால் வாங்குகிறவர் குறைவு. 2022இல் உலக வங்கி கென்யா, எத்தியோப்பியா, சோமாலியா, ஜிபூட்டி நான்குக்கும் சேர்த்துத் தொடங்கிய திட்டம் பிரீமியத்தில் ஒரு பகுதியை மானியமாகத் தருகிறது. ஒவ்வொரு கொடையாளருக்கும் ஒரு திட்டம், ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு பெயர், ஒரு தொப்பி, ஒரு டி-சட்டை. எங்கள் ஊர்க் கடையின் சுவரில் மட்டும் காலாவதியான மூன்று திட்டங்களின் விளம்பரத் தாள்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன. அவற்றில் இருந்த எண்களில் ஒன்றுகூட மணி அடிக்கவில்லை. பயிற்சி பெற்ற முகவர்கள் திட்டம் முடிந்ததும் கைபேசி அட்டை விற்கப் போய்விடுகிறார்கள், உழவர் விவரங்கள் ஒரு திட்டத்தின் கணினியிலிருந்து அடுத்ததன் கணினிக்கு வருவதில்லை, அடுத்த திட்டத்துக்காரர் வந்து மறுபடி பெயர், அடையாள எண், எத்தனை ஏக்கர் என்று முதலிலிருந்து கேட்கிறார்.

விலையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: முளைப்புக் காப்பீட்டின் விலை விதை விலைக்குள் அடங்கிவிடுவதால் தனியாக வலிக்காது. அறுவடை வரையிலான கூடுதல் காப்பீடுதான் கையைக் கடிக்கும். காப்பீடு செய்யும் தொகையில் பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கமான அளவு. வறட்சி அடிக்கடி வரும் ஊரில் பிரீமியம் உயரும், அதே ஊரில்தான் வாங்குபவரிடம் காசு இராது. ஒரே ஒரு செலவுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், என் பரிந்துரை முதலில் வரப்பு, இரண்டாவது நல்ல குறுகிய நாள் விதை, மூன்றாவதாகத்தான் அட்டை. விதையோடு சேர்ந்தே வரும் முளைப்பு அட்டையை மட்டும் யாரும் தூக்கிப் போட வேண்டாம். எண்ணை அனுப்பும்போது மேட்டில் ஏறி நிற்காமல் நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் நின்று அனுப்புவது நல்லது. மலைக்கு அப்பால் உள்ளதை விட்டு, நிலத்துக்கு அருகில் உள்ள கோபுரத்தைப் பிடிக்கும் வாய்ப்பு அங்கே அதிகம் என்பது பம்புக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்குச் சிம் அட்டை போட்டுப் போட்டுப் பழகிய என் கணிப்பு. புழுதி விதைப்புச் செய்பவர்கள் வானத்தைப் பார்த்துவிட்டு, மழைக்கு மிக முன்னதாக எண்ணை அனுப்பாமல் இருக்கலாமா என்று முகவரைக் கேட்டுக்கொள்ளவும். என்னிடம் இரண்டு முகவர்கள் இரண்டு விதமாகப் பதில் சொன்னார்கள்.

நான்காம் பருவத்துக்கு முன் நைரோபியிலிருந்து பிளாஸ்டிக் மழைமானி ஒன்றை வாங்கிவந்து, தோட்டத்து வேலிக் கம்பத்தில் திருகி வைத்தேன். அந்த அம்மா மவெத்யாக் குழுவில் பேசி, சரிவின் மேலும் கீழுமாக இன்னும் மூன்று வீடுகளில் வைக்கச் செய்தார். தினமும் காலை ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூட நோட்டில் நான்கு எண்கள் விழத் தொடங்கின. வேலியிலிருந்து வேலிக்கு 10 மில்லிமீட்டர் வரை வேறுபட்ட நாட்கள் உண்டு. அடுத்த முறை முகவர் வந்தபோது நோட்டை அவர் முன் விரித்து வைத்தோம். ஒப்பந்தப்படி இதை ஏற்க வழியில்லை என்றார், ஆனாலும் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு, மேலே அனுப்பிப் பார்ப்பதாகச் சொன்னார். நான் ஊர் திரும்பும்வரை மேலிருந்து பதில் வரவில்லை. எண்கள் மட்டும் வாரத்துக்கு ஒரு முறை என் கைபேசிக்கு வந்துகொண்டிருக்கின்றன. போன வாரத்துச் செய்தி: "மேல் வேலி 14, நம் வேலி 6. மறுபடி விதைக்கவில்லை."